எண்ணெய் தேய்க்காமல் வாங்க: மூளை ஆய்வகத்தில் ஆர்ஏ வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

மூளை ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது, "ஆஸ்பத்திரியிலயா?" அப்பா கேட்டது, "பெர்மனென்ட்டா?" இரண்டுக்கும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு மதுரையில் ஒரு சின்ன ஆய்வகத்தில் இரண்டரை வருடம் ஆராய்ச்சி உதவியாளராக, எல்லோரும் சொல்கிற மாதிரி ஆர்ஏவாக, இருநூறு தலைகளுக்கு மேல் மூளை அலையைப் பதியும் தொப்பி மாட்டிவிட்டேன்.

இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் கேட்பதெல்லாம் மென்பொருளைப் பற்றித்தான்: பைதான் தெரியணுமா, மேட்லேப் தெரியணுமா, ஏஐ கோர்ஸ் ஏதாவது முடிக்கணுமா. தெரிந்தால் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை தரவு கெட்டுப்போகிற இடம் நாற்காலி. ஆள் வந்து உட்கார்ந்து, தலையை அளந்து, ஜெல் வைத்து, "ஆரம்பிக்கலாமாங்க" என்று கேட்பதற்குள் போகிற அந்த 40 நிமிஷத்தில் கோட்டை விட்டதை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் இங்கே அந்த 40 நிமிஷத்துக்குத்தான் இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே போவது எப்படி

நாம் ஒன்றைக் கவனிக்கும்போதும் நினைவில் வைக்கும்போதும் ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும்போதும் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அறிதிறன் நரம்பியல். மனிதர்களிடம் அதை அளக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று இஇஜி: மண்டைத்தோலின் மேல் எலக்ட்ரோடு என்ற சின்ன உலோக வில்லைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து இதைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். இன்னொன்று எஃப்எம்ஆர்ஐ: ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதை வைத்து எந்தப் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது என்று படம் பிடிப்பது. இஇஜி நேரத்தை மில்லிநொடிக் கணக்கில் சொல்லும், இடத்தைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். எஃப்எம்ஆர்ஐ அப்படியே தலைகீழ். ஸ்கேனர் வாங்கக் கோடிகள் வேண்டும் என்பதால் சின்ன ஆய்வகம் என்றால் பெரும்பாலும் இஇஜிதான், நானும் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உளவியல் படித்தவர்கள் மட்டும்தான் சேர முடியும் என்று நினைக்காதீர்கள். ஈசிஇ, இயற்பியல், பயோடெக், மொழியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். பெரிய இடங்கள் வெளியூரில் இருக்கின்றன: பெங்களூரில் நிம்ஹான்ஸும் இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையமும், மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் அறிதிறன் அறிவியல் மையம், காந்திநகர் ஐஐடி, ஹைதராபாத் ஐஐஐடி. மதுரையில் ஓரிரு வருடம் வேலை கற்றுக்கொண்டு அங்கே பிஎச்டிக்குப் போவது நல்ல பாதை. பல விளம்பரங்களில் ஆர்ஏ என்று இருக்காது. ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோ), ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் என்று பல பெயரில் தேடுங்கள். மத்திய அரசு நிதியில் ஓடும் திட்டங்களில் ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதற்கு நெட், கேட் மாதிரி தகுதித் தேர்வு வேண்டும். அது இல்லாமல் சேர்ந்தால் குறைவுதான்.

விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் போடலாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு நிஜமாகவே புரியாத ஒரு இடத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். "தங்கள் மகத்தான ஆய்வுகளால் கவரப்பட்டு" என்று ஆரம்பிக்கும் கடிதம் ஒரு நாளைக்குப் பத்து வரும், யாரும் படிப்பதில்லை.

சேருவதற்கு முன் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், நிதி வரத் தாமதமானால் சம்பளம் எப்படி, கட்டுரை வெளியானால் என் பெயர் வருமா. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் சேர்ந்து நாலாவது மாதம்தான் முதல் சம்பளம் வாங்கினேன். அதுவரை அண்ணன் காசில்தான் டவுன் பஸ் ஏறினேன். மூன்றாவதைக் கேட்க எல்லோருக்கும் தயக்கம், ஆனால் மருத்துவ ஆய்விதழ்கள் பின்பற்றும் விதிப்படி, தரவு சேகரித்தால் மட்டும் கட்டுரையாசிரியர் ஆக முடியாது. எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தரவேண்டும், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அதனால் "எழுதும்போது என்னையும் சேர்த்துக்கிட்டா கத்துக்குவேன் சார்" என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைப்பது நல்லது.

முதல் இரண்டு வாரம்

கருவியைத் தொடுவதற்கு முன், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த ஆவணத்தை முழுசாகப் படியுங்கள். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டிதான் இதற்கெல்லாம் அடிப்படை. பங்கேற்பாளர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி நன்றாக இல்லை என்று நீங்களாக மாற்றக்கூடாது, குழுவிடம் திரும்பப் போகவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டி, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் கைரேகை வாங்கவேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் வேண்டும்: 7 முதல் 12 வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில்.

அப்புறம் நீங்களே ஒரு முறை பங்கேற்பாளராக உட்காருங்கள். முழுசாக. தலையில் ஜெல்லோடு ஒன்றரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு, மூக்கு அரிக்கும்போது சொரிய முடியாமல் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இடையில் எங்கே ஓய்வு கொடுக்கவேண்டும் என்று தெரியும்.

தலை அளப்பதைத் தோழர்கள் தலையில் பழகுங்கள். எலக்ட்ரோடு வைக்கும் இடங்களுக்கு 10-20 முறை என்று பெயர், 1958இலிருந்து உலகம் முழுக்க இதுதான். மூக்கு ஆரம்பிக்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் கைக்குத் தட்டுப்படும் மேடு வரை டேப்பால் அளக்கவேண்டும். 36 செ.மீ. வந்தால் சரிபாதி 18இல் நடு உச்சி, அதாவது சீ-இசட். நெற்றியில் முதல் புள்ளி 10 சதவீதத்தில், 3.6 செ.மீ. மேலே. குறுக்கே காதுக்குக் காது அளந்தாலும் அதே உச்சியில்தான் பாதி வரவேண்டும். ஒற்றைப்படை எண்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம், நடுக்கோட்டுக்கு இசட். தொப்பி 54, 56, 58 என்று தலைச் சுற்றளவுப்படி வரும். 57 வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் ஆய்வகத்தில் பெரியதை எடுப்போம், இறுக்கமான தொப்பி ஒரு மணி நேரத்தில் தலைவலி கொடுத்துவிடும் என்பதால். ஆனால் தொளதொளவென்று இருந்தால் எலக்ட்ரோடு தோலைத் தொடாது, அதனால் மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

சோதனையைத் தமிழில் தயார் செய்வது

ஸ்ட்ரூப் சோதனை தெரிந்திருக்கும், 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை நிறத்தில் காட்டி, நிறத்தைச் சொல்லச் சொன்னால் வாய் தடுமாறும். எளிதாகத் தமிழாக்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சொற்கள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கவேண்டும் என்பதற்காகப் பைதானில் எழுத்தை எண்ணச் சொன்னேன். 'சிவப்பு' 7 என்றது. நம் கணக்கில் சி-வ-ப்-பு, நாலுதான். 'நீலம்' மூன்றெழுத்து, அது 5 என்றது. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனியாக வைத்திருப்பதால் வரும் வினை இது. சொல் நீளத்தைக் கட்டுப்படுத்தினோம் என்று கட்டுரையில் எழுதப்போகிறீர்கள் என்றால் எதை எண்ணினீர்கள் என்று முதலில் பாருங்கள். இன்னொரு தொல்லை, சில சோதனை மென்பொருள்களில் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியாக நிற்கும். மென்பொருளோடு மல்லுக்கட்டாமல் சொற்களைப் படமாகச் சேமித்துத் திரையில் காட்டிவிடுங்கள், வேலை முடிந்தது.

வாக்கியச் சோதனை என்றால் இன்னும் சுவாரசியம். பொருந்தாத சொல் வந்தால் ஏறத்தாழ 400 மில்லிநொடியில் மூளை அலையில் ஒரு எதிர்ச்சரிவு வரும் என்று 1980இல் கூட்டாஸும் ஹில்யார்டும் காட்டினார்கள். என்400 என்று பெயர். 'அம்மா இட்லிக்குச் செருப்பு அரைத்தாள்' என்று ஒரு வாக்கியம் வைத்தால் வரவேண்டும். ஆனால் ஆங்கிலத்தில் பொருந்தாத பெயர்ச்சொல்லை வாக்கியக் கடைசியில் வைப்பது எளிது, தமிழில் கடைசியில் வினை வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் ஆங்கிலச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் 'செருப்பு'க்கு அடுத்த சொல்லின் அலை அதன் மேலேயே ஏறும். சொல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் போதிய இடைவெளி விடுங்கள். 'போகவேண்டியிருந்ததென்று' மாதிரி ஒரே மூச்சில் வரும் சொல்லை அரை நொடி மட்டும் காட்டிவிட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள், பாவம்.

அறிவுரை வாசகத்தைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள், இதில் நான் பிடிவாதக்காரன். "சரியான விடை தோன்றியவுடன் வலப்புறப் பொத்தானை அழுத்தவும்" என்று திரையில் போட்டிருந்தோம். திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு ஐயா இரண்டு முறை படித்துவிட்டு "தம்பி, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். "சரின்னு பட்டா வலது கைப் பக்கம் இருக்குற பட்டனை அமுக்குங்க, எம்புட்டு வேகமா முடியுமோ அம்புட்டு வேகமா" என்று சொன்னதும் புரிந்துவிட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொன்னால் சோதனையே வேறாகிவிடும். அதனால் பேச்சு நடையிலேயே ஒரு வாசகம் எழுதி, ஒப்புதல் வாங்கி, எல்லோருக்கும் அதையே சொல்லுங்கள்.

கைப்பழக்கக் கேள்வித்தாள் இன்னொரு கூத்து. எல்லோரும் பயன்படுத்துவது 1971இல் ஓல்ட்ஃபீல்டு வெளியிட்ட எடின்பரோ பட்டியல். அதில் துடைப்பம் பிடிக்கும்போது மேல் கை எது என்று ஒரு கேள்வி. நம் வீட்டு விளக்குமாற்றுக்கு மேல் கை ஏது, ஒரே கைதானே. கரண்டியால் சாப்பிடும் கை எது என்றால் சிரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், பிறவி இடதுகைக்காரர் பலரைச் சின்ன வயதிலேயே அடித்துத் திருத்தி வலது கையில் எழுத வைத்திருப்பார்கள். சாப்பிடுவதும் காசு கொடுப்பதும் எல்லோருக்கும் வலது கைதான். அதனால் "சின்னப் புள்ளையில எந்தக் கையில எழுத ஆரம்பிச்சீங்க, யாராச்சும் மாத்தச் சொன்னாங்களா?" என்று கூடுதலாகக் கேட்டுக் குறித்து வையுங்கள்.

ஆள் சேர்ப்பது

கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்து ஒப்பேற்றலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெளியாள் வேண்டும் என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் ஒரு ஆளும் வரமாட்டார், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நீங்களே போகமாட்டீர்கள். ஆடி மாதம் தெருவுக்கு ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள், ஒலி வைத்துச் செய்யும் சோதனைகளை அப்போது தள்ளிப் போடுங்கள். எங்கள் சுவர் ஒன்றும் ஒலிபுகாச் சுவர் இல்லை.

முதல் நாள் சாயங்காலம் போன் பண்ணுவது கட்டாயம். அதில் சொல்லவேண்டியது: தலைக்குக் குளித்துவிட்டு வாங்க, எண்ணெய் தேய்க்காமல் வாங்க, பூ வைக்காமல் வாங்க, கண்ணாடி இருந்தால் கொண்டுவாங்க, ராத்திரி நன்றாகத் தூங்குங்க. மதுரையில் ஒரு பெண்ணிடம் பூ வைக்காமல் வாங்க என்று சொல்வது லேசான காரியம் இல்லை. "அமங்கலமா இருக்கே தம்பி" என்று ஒரு அக்கா சொன்னார். அதிலிருந்து, முடிந்து போகும்போது கொடுக்க ஒரு முழம் மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைக்க ஆரம்பித்தோம். வெள்ளி, சனியில் எண்ணெய்க் குளியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் புதன் வியாழனில் நேரம் கொடுங்கள்.

பயணச் செலவுக்குத் தரும் தொகை எவ்வளவு என்பதையும் நெறிமுறைக் குழுதான் அனுமதிக்கவேண்டும், ஆசை காட்டுகிற அளவுக்குப் போகக்கூடாது. ஜிபேயில் அனுப்பினால் அவர் பெயரும் எண்ணும் உங்கள் சொந்தக் கணக்கில் நின்றுவிடும் என்பதை யோசியுங்கள்.

நாற்காலியில் அந்த 40 நிமிஷம்

வந்தவரை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். வெயிலில் நாகமலைப் பக்கமிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார். வியர்வை தோலின் மின்னழுத்தத்தை மாற்றுவதால் பதிவில் கோடு மெதுவாக மேலும் கீழும் மிதக்கும், அரை ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கும் அந்த மிதப்பு வேண்டிய அலைகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். கால் மணி நேரம் ஏசியில் ஆறவிட்டு, அந்த நேரத்தில் படிவத்தைப் பேசுங்கள்.

எல்லோரும் கேட்கும் கேள்விகள் மூன்று. "கரண்டு வைப்பீங்களா?" சினிமாவில் பார்த்த ஷாக் டிரீட்மென்ட் மனதில் இருக்கும். இந்தக் கருவி மின்சாரத்தை உள்ளே அனுப்பி எதுவும் செய்வதில்லை, உங்களிடமிருந்து வருவதைக் கேட்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். மண்டைத்தோலில் கிடைப்பது 50 மைக்ரோவோல்ட் அளவு, டார்ச்சுக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அடுத்தது, "நான் மனசுல நினைக்கிறது தெரிஞ்சுருமா?" தெரியாது. மூன்றாவது எப்போதும் எழுந்து போகும்போது வரும்: "எனக்கு மூளை நல்லா இருக்கா தம்பி?" இதற்கு வாய் தவறியும் "சூப்பரா இருக்கும்மா" என்று சொல்லாதீர்கள். நீங்கள் டாக்டர் இல்லை, அந்தப் பதிவு நோய் பார்க்க எடுத்ததும் இல்லை. அப்படியே சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். நிஜமாகவே ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் பங்கேற்பாளரிடம் பேசாமல் திட்டத் தலைவரிடம் போங்கள்.

கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினால் சிலர் முகம் மாறும். நம் ஊரில் கையெழுத்து என்றால் பத்திரம், கடன். "எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்பவே எந்திரிச்சுப் போகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல" என்பதைப் படிவத்தில் இருப்பதோடு நிறுத்தாமல் வாயாலும் சொல்லுங்கள்.

அப்புறம் தலை. சடையைப் பிரித்து, கொண்டை ஊசி, ஹேர்பின், சவுரி இருந்தால் எடுக்கச் சொல்லவேண்டும். பெண்களின் தலையைத் தொட ஒரு பெண் ஆர்ஏ இருப்பது நல்லது, இல்லையென்றால் முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள். எண்ணெய் வாடை வந்தால் சங்கடப்படுத்தாமல், ஆய்வகத்திலேயே ஷாம்பூ, துண்டு, ஹேர் டிரையர் வைத்திருந்து "ஒரு தடவை அலசிட்டு வந்துரலாமாங்க" என்று கேளுங்கள். தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. அதன் மேல் எத்தனை ஜெல் வைத்தாலும் மின்தடை இறங்காது, தேய்த்துத் தேய்த்து அவர் தலைதான் புண்ணாகும்.

நெற்றியில் திருநீறு, குங்குமம். நெற்றி எலக்ட்ரோடு அதன் மேல்தான் உட்காரவேண்டும். துடைக்கலாமா என்று கேட்டுத் துடையுங்கள், கேட்காமல் கை வைக்காதீர்கள். ஒரு சின்னக் கண்ணாடியும் மடித்த திருநீற்றுப் பொட்டலமும் மேசையில் இருந்தால் பாதிப் பேர் உடனே சரி என்பார்கள். மாட்டேன் என்கிறவரிடம் வற்புறுத்தாமல் அந்த ஒரு எலக்ட்ரோடை விட்டுவிட்டு நோட்டில் எழுதுங்கள். எஃப்எம்ஆர்ஐ என்றால் கதையே வேறு. ஸ்கேனர் பெரிய காந்தம் என்பதால் அங்கே தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாண் எல்லாம் கழற்றவேண்டும். கழற்றமாட்டேன் என்பவரை அழைத்துவந்து ஸ்கேனர் வாசலில் நிறுத்துவது அவமானப்படுத்துவது மாதிரி, போனிலேயே கேட்டுவிடவேண்டும். தாலிக்குப் பதிலாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவர்களே வழி சொல்வதும் உண்டு. பேஸ்மேக்கர், உடம்பில் உலோகம் பற்றி ஒரு முறை போனில், ஒரு முறை நேரில் என்று இரண்டு முறை கேட்கவேண்டும், இதில் சமரசமே கிடையாது.

தொப்பி மாட்டியதும் உச்சி சரிபாதியில் இருக்கிறதா என்று மறுபடி அளந்து பாருங்கள். மழுங்கிய முனை ஊசியால் முடியை விலக்கி, தோலை மெதுவாகத் தேய்த்து, கொஞ்சமாக ஜெல். அதிகம் வைத்தால் பக்கத்து எலக்ட்ரோடின் ஜெல்லோடு கலந்து இரண்டும் ஒன்றாகிவிடும், அப்புறம் இரண்டு சேனலிலும், அதாவது இரண்டு எலக்ட்ரோடுகளின் பதிவுக் கோட்டிலும், ஒரே அலை வரும். தடை அளவு, அதாவது இம்பீடன்ஸ், சாதாரண எலக்ட்ரோடுகளில் 5 அல்லது 10 கிலோ ஓமுக்குக் கீழே வரவேண்டும், எலக்ட்ரோடிலேயே அலையைப் பெருக்கும் ஆக்டிவ் வகையில் 20 வரை பரவாயில்லை. முதலில், மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டு அளக்கத் தேவைப்படும் கிரவுண்டு, ரெஃபரன்ஸ் என்ற இரண்டு எலக்ட்ரோடுகள், அவை சரியில்லாமல் மற்றவற்றோடு போராடுவது வீண்.

ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிஷக் காட்சி. அலைகளை அவருக்கே காட்டி, கண் சிமிட்டச் சொல்லுங்கள், நெற்றிச் சேனல்களில் மலை மாதிரி எழும். பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள், திரையில் காதுக்கு மேல் பக்கத்து அலைகள் எல்லாம் கறுப்பாகும். கண்ணை மூடச் சொன்னால் பின்மண்டையில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை சீராக ஓடும். அவருக்கு வேடிக்கை, உங்களுக்கு எல்லாம் ஒழுங்காக இணைந்திருக்கிறது என்பதற்குச் சான்று. "தலைய அங்கிட்டு இங்கிட்டு ஆட்டாதீங்க" என்று நூறு தடவை சொல்வதைவிட இந்த ஒரு நிமிஷம் நன்றாக வேலை செய்யும்.

பதிவு ஓடும்போது

போனைப் பார்க்காதீர்கள். அலைகளைப் பாருங்கள், ஆளைப் பாருங்கள். பின்மண்டையில் ஆல்ஃபா கூடிக்கொண்டே போனால் அவர் சொக்குகிறார், சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரங்களில் இது நிச்சயம்.

எல்லாச் சேனலிலும் ரோமம் மாதிரி அடர்த்தியாக ஓடினால் 50 ஹெர்ட்ஸ், நம் வீட்டு மின்சாரம். லேப்டாப் சார்ஜர், டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அப்புறம் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம் என்று சோம்பல் படாதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது இரைச்சலின் குணமே மாறிவிடும், அந்த நேரத்தை நிமிஷத்தோடு எழுதி வையுங்கள். முடிந்தால் அலையைப் பெருக்கிப் பதியும் ஆம்ப்ளிஃபையரைப் பேட்டரியில் ஓட்டுங்கள்.

எழுதுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. என் நோட்டில் ஒரு நாள்: "எண் 37. 10.12 தொடக்கம். 9.30க்கு டீ. ராத்திரி 5 மணி நேரம்தான் தூக்கம். டி-8 நடுவில் 30க்கு ஏறியது, 10.40 இடைவேளையில் ஜெல் சேர்த்தேன். 10.55 வெளியே வெடிச் சத்தம், இருமுறை. மூன்றாம் பகுதியில் சலிப்பாக இருக்கிறது என்றார்." டி-8 என்பது வலது காதுப் பக்கத்து எலக்ட்ரோடு, 30 அதன் தடை அளவு. ஆறு மாதம் கழித்து 37ஆம் ஆளின் மூன்றாம் பகுதி ஏன் விநோதமாக இருக்கிறது என்று எங்கள் திட்டத் தலைவர் மேடம் கேட்டபோது இந்த நாலு வரிதான் காப்பாற்றியது.

முடிந்ததும்

அவர் கிளம்புவதற்கு முன் கோப்பைத் திறந்து பாருங்கள். என் பெரிய தவறு இங்கேதான். கணினி மாற்றிய பிறகு, திரையில் சொல் வந்த நேரத்தை ஆம்ப்ளிஃபையருக்குச் சொல்லும் குறியீடுகள் போகவே இல்லை. திரை சரியாக ஓடியது, அலையும் சரியாக ஓடியது, நான் ஜாலியாகப் பதினோரு பேரைப் பதிவு செய்தேன். எந்த அலை எந்தச் சொல்லுக்கு என்று தெரியாத பதினோரு கோப்புகள். அத்தனையும் குப்பை, அந்தப் பதினோரு பேரின் அரை நாளும். அதிலிருந்து ஒரே விதி: 240 சொல் காட்டினால் கோப்பில் 240 குறியீடு இருக்கிறதா என்று எண்ணாமல் ஆளை அனுப்புவதில்லை. கூடவே, திரையின் மூலையில் ஒளி உணரி ஒட்டி, குறியீடும் சொல்லும் ஒரே நேரத்தில்தான் வருகின்றனவா என்று மாதம் ஒரு முறை சோதியுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் தவறினாலே 16.7 மில்லிநொடி போச்சு.

32 சேனல், 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 தடவை அளப்பது) என்றால் ஒரு மணி நேரத்துக்கு 230 எம்பி வரும், 64 சேனலில் 1000 ஹெர்ட்ஸ் என்றால் 920. இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், மூலக் கோப்பைத் திருத்த முடியாதபடி பூட்டுங்கள். கோப்புப் பெயரில் ஆள் பெயர் வரக்கூடாது, எண் மட்டும். எந்த எண் யார் என்ற பட்டியல் தனியாக, கடவுச்சொல்லோடு.

தொப்பியை அப்போதே கழுவுங்கள். ஜெல் காய்ந்துவிட்டால் அரை நாள் வேலை. வெதுவெதுப்பான தண்ணீர், பேபி ஷாம்பூ, பழைய மென்மையான பல்தேய்க்கும் பிரஷ். இணைப்பு முனையில் தண்ணீர் படக்கூடாது. நிழலில் காயவையுங்கள், மதுரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் ரப்பர் ஒரே கோடையில் விறைத்துவிடும்.

பகுப்பாய்வு, சுருக்கமாக

எம்என்இ-பைதான் அல்லது ஈஈஜிலேப், இரண்டும் இலவசம், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னதற்கு மட்டும் வழக்கமாக மேட்லேப் உரிமம் தேவைப்படும். வேலை கிடைக்கும் முன்னாலேயே, ஓப்பன்நியூரோ தளத்தில் பொதுவில் இருக்கும் தரவை இறக்கி ஒரு முறை முழுசாக ஓட்டிப் பாருங்கள். வரிசை இதுதான்: 0.1 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, கெட்ட சேனல்களைக் குறித்து, கண் சிமிட்டலை ஐசிஏ (கலந்த அலைகளைப் பிரிக்கும் கணக்குமுறை) மூலம் பிரித்து, சொல் வருவதற்கு 200 மில்லிநொடி முன்னிருந்து 800 பின் வரை வெட்டி, 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டும் துண்டுகளைத் தள்ளி, மிச்சத்தைச் சராசரி எடுப்பது. இதைக் கற்றுக்கொள்ள நிறைய காணொலிகள் இருக்கின்றன, நான் நீட்டப்போவதில்லை.

ஒன்று மட்டும். யாரைத் தள்ளுவது என்ற விதியை முடிவு பார்ப்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு "இந்த ஆளை மட்டும் எடுத்துட்டுப் பாரேன்" என்று யாராவது சொல்வார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆசையில். 2015இல் உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த கூட்டு முயற்சியில் 36 சதவீதத்தில்தான் மறுபடி குறிப்பிடத்தக்க முடிவு வந்தது. அந்தச் செய்தியை மேடமிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லாதவர்கள் தேதி போட்ட விதித்தாளை எடுத்துக் காட்டலாம். நான் அப்படித்தான் தப்பித்தேன்.

கிளம்பும்போது

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே ஒப்படைப்புக் குறிப்பு எழுத ஆரம்பியுங்கள். கோப்புகள் எங்கே, எந்த ஸ்கிரிப்ட் எந்த வரிசையில் ஓடும், எந்தத் தொப்பியில் எந்த எலக்ட்ரோடு மக்கர் பண்ணும், ஜெல் எந்தக் கடையில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை சாவி எந்த வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கும் என்பது வரை. அதை வைத்துக்கொண்டு புதிதாக வந்தவர் உங்கள் உதவி இல்லாமல் ஒரு ஆளைப் பதிவு செய்யட்டும், நீங்கள் பின்னால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் எங்கெல்லாம் திரும்பி உங்களைப் பார்க்கிறாரோ அங்கெல்லாம் குறிப்பில் ஓட்டை.

கடைசியாக உங்கள் போன். பங்கேற்பாளர் எண்களைச் சொந்த போனில் "எண் 37 உசிலம்பட்டி அக்கா" என்று சேமித்திருந்தால் எல்லாவற்றையும் அழியுங்கள், வாட்ஸாப் உரையாடல்களையும் சேர்த்து. ஆரம்பத்திலேயே ஆய்வகத்துக்கென்று தனி சிம் வாங்கச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்த வேலையே மிச்சம். நான் கேட்கவில்லை. கிளம்பின ராத்திரி மாட்டுத்தாவணியில் பெங்களூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தேன்.